மிச்சம் வைத்த முடிவுகள்

...மூன்று மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதீங்க என்று சொட்டு மருந்து விட்ட பெண் சொன்னாளே, மூன்று மணி நேரம் எப்போதிலிருந்து, மருந்து விட்டதிலிருந்தா, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்தா, கேட்டிருக்கலாம், முப்பத்து நான்கு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு இதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் மூளை எங்கேயோ கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. எதிரே வீட்டு அலமாரி. ஏழு தட்டு நிறைய நாவல்கள், முதுகுகளின் வண்ணம் தெரிகிறது, பெயர்கள் தெரியவில்லை. மருந்தினாலா, நோயினாலா? இடது கண் போய் ஒரு வருஷமாகிறது, எந்த வரியைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வலது கண்ணை நம்பித்தான் வண்டி ஓடியது. இன்று டாக்டர் கட்டம் போட்ட தாளை நீட்டினார், வலது கண்ணால் பார்த்தாள், நேர்க்கோடு ஒன்று நடுவில் வளைந்திருந்தது, நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், ஐம்பத்தொன்பது வயதில் பரீட்சையில் காப்பி அடிக்கிற புத்தி! நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது, ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வைதான் போகும், ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதற்குள் எத்தனை பக்கம் படிக்கலாம் டாக்டர்? "பக்கக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று சிரித்தார், நல்ல மனிதர், அவளும் சிரித்துவைத்தாள்.

பிறகு நேரே வீட்டுக்கு வந்தாளா, இல்லை, கால் புத்தகக் கடைக்குள் போயிற்று. என்ன வெட்கம் கெட்ட கால் பார். அட்டையில் இருந்த பெயரைக்கூடப் படிக்க முடியாமல் ஒரு நாவலை எடுத்து, பின்னட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கடைக்காரரைப் படிக்கச் சொல்லி, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் தட்டுத்தடுமாறிப் படித்து முடிப்பதற்குள் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள். புதுப் புத்தகம் என்றால் அவளுக்கு அப்படி. மூலைகள் இன்னும் மடங்காமல், பக்கங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் நீவிவிட்டால் மெல்லப் பிரியுமே, அந்தச் சத்தத்துக்காகவே பட்டினி கிடக்கலாம். இப்போது அது மடியில் இருக்கிறது. முகர்ந்தாள். மூக்குக்கு ஒன்றும் கேடு வரவில்லை, அந்த மட்டும்... சே, இதில் என்ன அந்த மட்டும்.

இருநூற்றுப் பதினொன்று, மடியில் இருப்பதைச் சேர்க்காமல். அத்தனையும் படித்தவை, அத்தனையிலும் கடைசி அத்தியாயம் மட்டும் படிக்காதவை. வேண்டுமென்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பகல் ஷிப்டில், ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தொட்டபோது ஆறாம் படுக்கையிலிருந்து மணி அடித்தது, ஓடினாள், திரும்பி வரும்போது அந்தப் படுக்கைக்கு வெள்ளைத் துணி போர்த்தியாகிவிட்டது. நாவலைப் பார்த்தாள், உள்ளே எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். காலி மருந்துச் சீட்டு ஒன்றை அந்த இடத்தில் செருகி மூடினாள். அன்றிலிருந்து எல்லா நாவலுக்கும் அதே கதிதான், கடைசி அத்தியாயத்தின் வாசலில் ஒரு சீட்டு, அதற்கு மேல் போவதில்லை, கண்ணெதிரே போதுமான முடிவுகளைப் பார்த்தாயிற்று, இவர்களாவது இருக்கட்டுமே. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது, பொய் சொல்வானேன். இந்த அலமாரியைச் செய்து கொடுத்த கணவர் கேலி பண்ணுவார், எல்லாத்தையும் சமைச்சு வச்சுட்டுச் சாப்பிடாம எந்திரிச்சுப் போற ஆளு நீ என்று. அவர் இப்போது அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஆயிரம் நோயாளிகளின் வீட்டாரை வராந்தாவில் நிறுத்திச் சொன்ன வாய்தானே இது, சொந்த வீட்டில் மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கணக்குப் போட்டாள். முடிவு ஒன்றுக்கு இருபது பக்கம் என்றாலும் நாலாயிரத்துச் சொச்சம், தினம் இருபத்தைந்து பக்கம் என்று பிடித்தால் ஆறு மாதத்தில் அத்தனை பேரையும் வழியனுப்பிவிடலாம். வழியனுப்புவதா? ஆமாம், வேறென்ன. நாலு மணி வாக்கில் அலமாரியில் ஒரு பெயர் துலங்கியது, பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. படகு கட்டுகிறவன் ஒருவனும் அவனுடைய இரண்டு தங்கைகளும் வரும் நாவலை உருவினாள், அவளுக்கு உயிரான நாவல், அதைப் படித்து அழுது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு மழையில் நடந்து வந்திருக்கிறாள். சீட்டு இருந்த இடத்தைப் பிரித்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். கோடுகள் கொஞ்சம் நெளிந்தன, பரவாயில்லை, படிக்க முடிந்தது. பெரியவள் கதவைத் திறந்தபோது வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். காயம் ஆறிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். அவள் உட்கார்ந்து அழுதாள்.

எந்தக் காயம்? எவன், அண்ணனா, வேறு யாராவதா? பெரியவள் எதற்காக இவனைப் பார்த்து அழ வேண்டும்? அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், ஒரு கிழவர் வந்து மன்னிப்புக் கேட்டார், யாரவர், என்ன செய்தார், ஒரு எழவும் நினைவில்லை. மழை நினைவிருக்கிறது, தவறவிட்ட நிறுத்தம் நினைவிருக்கிறது, அழுத அழுகை நினைவிருக்கிறது. பதைபதைத்து இன்னொன்றை உருவினாள், பிறகு கீழ்த்தட்டிலிருந்து ஒன்று, எல்லா வீட்டிலும் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், அவள் தப்பான வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவள் மாதிரி வாசலிலேயே நின்றாள். உயிரோடு வைத்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளே, யாரை?

வெங்காயக் கையோடு அவர் வந்து நின்றது நிழலாகத் தெரிந்தது.

"என்ன, எழுத்து தெரியுதா?"

"தெரியுது. ஒவ்வொரு எழுத்தும் நல்லாத் தெரியுது."

"அப்புறம் எதுக்கு அழற?"

"இவங்கல்லாம் யாருன்னே தெரியலைங்க. மறந்துபோச்சு."

அவர் சிரித்தார். கீழே கிடந்த புத்தகங்களைக் காலில் படாமல் ஒதுக்கி வைத்தார். "இதுக்கா அழற? முதல்ல இருந்து படிக்க வேண்டியதுதானே. உனக்கு இப்ப நேரத்துக்கு என்ன குறைச்சல்?"

அவள் படகுக்காரனின் நாவலை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இவர்களை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அங்கே தட்டுத் தட்டாக நிற்கிறவர்கள்... அவர் இன்னும் பதிலுக்குத்தான் நின்றுகொண்டிருக்கிறார், கையைத் துண்டில் துடைத்தபடி, சிரிப்பு மாறாமல். இங்க உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டினாள், டாக்டர் சொன்னதை எங்கிருந்து ஆரம்பிப்பது, வளைந்த கோட்டிலிருந்தா, ஆறு மாதத்திலிருந்தா?