கட்டிலின் இரண்டு இரும்புகள்

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் காரின் பின்சக்கர வளைவில் வைத்துவிட்டுத் தெல்மா கையை எடுத்தாள். காந்தம் தரையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தாள். அங்கும் விழுந்தது. கதவுக்குக் கீழே வைத்தபோது, ஒட்டிக்கொள்வதுபோல ஒரு கணம் பாசாங்கு செய்துவிட்டு விழுந்தது. மூன்றாம் முறை குனிந்து எடுத்தவள் கைக்குட்டையை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெயின்டில் கீறல் விழாதிருக்கத்தான் அதைச் சுற்றியிருந்தாள். அடியில் இரும்பே இல்லாத பெயின்டுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை என்று பட்டது.

அது 1961ஆம் ஆண்டின் பச்சை மோரிஸ் மைனர். மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் துணிவெட்டுக்கு மாதிரி வரையும் வேலையில் தெல்மா ஈட்டிய சம்பளத்தில் வாங்கியது. துடைத்து மினுக்கியதும் கண்காட்சிகளுக்கு ஓட்டிச் சென்றதும் அவள் கணவன் கிளிஃபோர்டு. இங்கிலாந்தின் ஃபிளீட்வுட் ஊர்ப் பழங்கார் சங்கத்தில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ‘மிகச் சிறப்பாகப் பேணப்பட்ட கார்’ என்று வெள்ளிக் கோப்பை பெற்றிருந்தான். மணவிலக்கின்போது கோப்பைகளை அவன் எடுத்துக்கொண்டான். காரை அவள் கேட்டாள். கொடுத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு கொடுத்தான். மறு ஆண்டு ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை நண்பகலுக்குள் கார், சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் அரசின் ஆண்டுச் சோதனையில் தேறாவிட்டால், அது மீண்டும் அவனைச் சேரும்.

“உங்கிட்ட கெடந்தா துருப்பிடிச்சுத்தான் போகும்” என்று வழக்கறிஞர் எதிரிலேயே சொன்னான். தெல்மா கையெழுத்திட்டாள். இடாமல் விட்டால் அவன் சொன்னதை அவளும் நம்புகிறாள் என்று ஆகிவிடும்.

இப்போது காந்தம் சொன்னது வேறு. துரு அவளிடம் வந்த பிறகு பிடித்ததன்று.

வீட்டின் பின்கட்டில் இருந்த ஒடுக்கமான ஷெட்டில், அக்டோபர் மாதத்தில் உளியை எடுத்துப் பின்சக்கர வளைவைக் கொத்தினாள். ஓட்டையை அடைத்துப் பூசியிருந்த பட்டி பாளம்பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஓரிடத்தில் இரண்டு விரல் கனம். அதற்கடியில் கோழிக்கூட்டுக் கம்பிவலை. வலைக்கும் பின்னால் பந்தாகக் கசக்கித் திணித்த செய்தித்தாள். பிரித்துப் பார்த்தாள். 1979ஆம் ஆண்டின் குதிரைப் பந்தயப் பக்கம். இரண்டு குதிரைகளின் பெயர்களுக்கு எதிரே கிளிஃபோர்டின் பென்சில் குறி.

பக்கத்து முற்றத்துச் சுவருக்கு மேல் ஐவியின் தலை தெரிந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் மீன் அரிந்தவள் அவள். எதையும் கழுவாமல் பேசுவாள்.

“என்னடி, கோப்பை வாங்குன காரு பேப்பரால செஞ்சதா?”

“பாதி பேப்பரு, பாதி பட்டி.”

“அப்ப உன் புருசன் மாதிரிதான்னு சொல்லு. வெளிய மினுமினுப்பு, உள்ள பந்தயத் தாளு. நீயும் அதே மாதிரி அடைச்சுப் பூசி ஓட்டிட்டுப் போயேன். யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சா காரு நின்னுடுமா?”

“வெட்டி எடுத்துட்டு இரும்பே வைக்கப்போறேன், ஐவி. பட்டி ஒரு துளி கூடப் படாது.”

அந்த வாரமே தையல் இயந்திரத்தை விற்று வெல்டிங் இயந்திரம் வாங்கினாள். தொழிற்கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள்; பதினாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதம் தகட்டில் ஓட்டைதான் போட்டாள். இரண்டாம் மாதம் ஓட்டையை மூடக் கற்றாள். அளவெடுப்பதை மட்டும் எவரும் அவளுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. காலையுணவுப் பெட்டிகளின் அட்டையைக் கிழித்து, உளுத்த இடத்தின்மேல் வைத்து அழுத்தி, ஓரம் வரைந்து, மாதிரி வெட்டினாள். அதைத் தகட்டின்மீது வைத்துச் சாக்கட்டியால் கோடிழுத்தாள். முப்பது ஆண்டுகள் துணியில் செய்ததுதான். இங்கே கத்தரிக்கோல் மட்டும் கனமானது.

குளிர்காலம் முழுதும் வேலை நடந்தது. பின்வளைவுகள் முடிந்தன. மிதியடியின் கீழ்த் தளம் முடிந்தது. மிஞ்சியது இடப்பக்கத்துக் கீழ்ப்பெட்டி. கதவுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் நீண்ட தகட்டுப் பெட்டி அது. அந்த வகைக் காருக்கு முதுகெலும்பும் அதுவே. பனிக்காலத்தில் உறைபனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்குகிறது; கார் இடப்பக்கமாகவே ஓடுகிறது. ஆகவே வலப்பக்கப் பெட்டி திடமாக இருக்க, இடப்பக்கத்துப் பெட்டி பிஸ்கட்டைப் போலப் பொடிந்தது.

மே மாத இறுதியில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, காரை நான்கு முனைகளிலும் தாங்கிகளின்மேல் நிறுத்தி, உளுத்த பெட்டி முழுவதையும் வெட்டி எறிந்தாள். புதுப்பெட்டியைப் பொருத்தி வெல்டிங் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. வெல்டிங் தையல் நேராக, நெருக்கமாக விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை மாட்டி மூடினாள்.

மூடவில்லை. கதவின் மேல்மூலை தூணில் இடித்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் இடித்தது. கீழே விரல் நுழையும் இடைவெளி. மேலே காகிதம் நுழையாது. கார் நடுவில் தொய்ந்துவிட்டது.

தெல்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். எங்கே தவறினாள் என்பது உடனே விளங்கியது. அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. ஒரு மழைக்கோட்டைப் பிரிக்கும்போது, கழுத்தும் தோளும் விலகிவிடாதபடி முதலில் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்ட பிறகே மற்றதைத் தொட வேண்டும். தொழிற்சாலையில் எத்தனை பெண்களை இதற்காகக் கடிந்திருக்கிறாள். கதவு வாயிலுக்குக் குறுக்கே எதையும் முட்டுக் கொடுக்காமல், முதுகெலும்பை வெட்டியவள் அவளே.

அந்த நேரம் பார்த்துக் கிளிஃபோர்டும் வந்தான். காரை ஏற்றிச் செல்லும் டிரெயிலர் சந்துக்குள் நுழையுமா என்று அளக்க வந்திருந்தான். கதவை ஒரு தரம் மூடிப் பார்த்தான். முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டான்.

“முதுகு ஒடிஞ்சு போச்சு, தெல்மா. இனி ஆண்டவனே வந்தாலும் நிமித்த முடியாது. நான்தான் அப்பவே சொன்னேனே.”

“சந்த அளந்தாச்சா?”

“அளந்துட்டேன். தாராளமா நுழையும்.”

“அப்ப கெளம்பு.”

“பிடிவாதம் பிடிக்காத. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடறேன். மூணு வாரம் உனக்கு மிச்சம்.”

“அந்த மூணு வாரமும் எனக்கு வேணும், கிளிஃபோர்டு. கதவ சாத்திட்டுப் போ. ஷெட்டுக் கதவச் சொல்றேன். அது நல்லாச் சாத்தும்.”

அவன் போனதும் ஐவி சுவருக்கு மேலிருந்து ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினாள்.

“கதவோட மூலைய அரம் போட்டு ராவிடேன். கீழ இடுக்குல கொஞ்சம் பட்டி வச்சா...”

“ஐவி.”

“சரி, சரி. அந்த வார்த்தைய சொல்லல.”

“திரும்ப வெட்டப்போறேன்.”

“ஒரு வாரம் செஞ்சதையா?”

“ஒரு வாரம் தப்பாச் செஞ்சத.”

குறுக்கே முட்டுக் கொடுக்கப் பலமான இரும்பு வேண்டும். ஓரம் மடித்த, ஆறடி நீளத்து இரும்பு. ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒரு கடையும் திறந்திருக்காது. திங்கள்வரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. தேநீர்க் கோப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மெத்தையைத் தள்ளினாள். கிளிஃபோர்டின் தாயார் திருமணத்துக்குக் கொடுத்த இரட்டைக் கட்டில். தலைப்பலகையும் கால்பலகையும் ஓக் மரம், இரண்டையும் இணைத்த பக்கச் சட்டங்கள் மட்டும் இரும்பு. அவனுடைய புதிய குடியிருப்பின் படிக்கட்டில் ஏறாது என்பதாலேயே பங்கீட்டில் அவளுக்கு வந்து சேர்ந்தது. எட்டுத் திருகாணிகள். அரை மணி நேரத்தில் இரண்டு இரும்புகளையும் தோளில் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

ஐவி வாய்பிளந்தாள். “அது உன் கல்யாணக் கட்டிலு தானடி?”

“ஆமா.”

“இனி எதுல படுப்ப?”

“மெத்தை இருக்கு. தரையும் இருக்கு.”

“இருபத்தாறு வருசம் அந்தக் கட்டிலு உனக்கு ஒண்ணும் பண்ணல. இப்பவாவது உதவட்டும்” என்றாள் ஐவி, பிறகு தன் நகைச்சுவைக்குத் தானே இருமி இருமிச் சிரித்தாள்.

தெல்மா முந்தைய வாரத்தின் தையலையெல்லாம் வெட்டுச் சக்கரத்தால் அறுத்தாள். தையல் நாடாவை எடுத்து வலப்பக்கக் கதவு வாயிலை மூலைக்கு மூலை அளந்து, இரண்டு எண்களைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினாள். பிறகு காரின் நடுவில் ஜாக்கியை வைத்துத் தூக்கத் தொடங்கினாள். கால் சுற்று, அளவு. கால் சுற்று, அளவு. இரும்பு முனகியது. நாடா சுவரிலிருந்த எண்ணைத் தொட்டதும் நிறுத்திக் கதவை மாட்டினாள். சுற்றிலும் ஒரே இடைவெளி. உடனே கட்டிலின் இரும்புகளை அளவுக்கு அறுத்து, வாயிலின் உட்புறமாகப் பெருக்கல் குறியைப் போலக் குறுக்கே வைத்து, தூண்களோடு நான்கு இடங்களில் பற்றவைத்தாள். இப்போது கார் அசைய விரும்பினாலும் அசைய முடியாது. அதன் பிறகே பெட்டியைத் தொட்டாள்.

பதினெட்டு நாட்கள் வேலை முடிந்து வந்து அதே வேலை செய்தாள். கடைசியில் இரும்புகளை அறுத்தெடுத்துத் தூண்களைத் தேய்த்துச் சமன்செய்தபோது, கதவு தொய்யவில்லை. ஒரு விரலால் தள்ளினாள், மூடிக்கொண்டது.

சோதனை நிலையம் துறைமுகச் சாலையில் இருந்தது. கடைசிச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெல்மா காரை உள்ளே ஓட்டிச் சென்றாள். பச்சையின் நடுவே செங்காவி நிற பிரைமர் அடிப்பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது. பெயின்ட் அடிக்க நேரமும் இல்லை, எண்ணமும் இல்லை. சோதிப்பவர் பெர்சி ஹாலம். கிளிஃபோர்டோடு சங்கத்தில் இருப்பவர். ஆனால் அவர் கையிலிருந்த சின்னச் சுத்தியல் எந்தச் சங்கத்திலும் இல்லை.

காரை உயர்த்தி அடியில் நின்று, முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனார். ‘டிங், டிங்’ என்று ஒரே ஒலி. இடப்பக்கத்துக்கு வந்ததும் பலமாகத் தட்டினார். அதே ஒலி. விளக்கைப் பிடித்துத் தையலைப் பார்த்தார்.

“கறுப்புத் தார் பூசலியா, அம்மா? எல்லாரும் அதப் பூசி மறைச்சுட்டுத்தான் கொண்டு வருவாங்க.”

“பூசிட்டா நீங்க எதப் பாப்பீங்க?”

“நியாயம். யாரு செஞ்சது?”

“நான்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மீண்டும் தையலைப் பார்த்தார். “கதவுத் தூண்ல நாலு தழும்பு இருக்கே, அது என்ன?”

“கட்டிலு.”

“என்னது?”

“எழுதுங்க. பன்னண்டு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்.”

பெர்சி காரை இறக்கினார். விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் போய் நின்று தலையசைத்தார். “நம்பர் பலகை விளக்கு எரியலியே. இதுக்கு நான் தேறலன்னுதான் எழுதணும். கிளிஃபோர்டுக்காகச் சொல்லல, சட்டம்.”

மணி பதினொன்று இருபது. தெல்மா பதறவில்லை, கைப்பையைத் திறந்தாள். பஞ்சில் சுற்றிய ஆறு பல்புகள், அளவுவாரியாக. இரண்டு திருகாணிகளைக் கழற்றி, பல்பை மாற்றி, மீண்டும் முடுக்கினாள். விளக்கு எரிந்தது. பெர்சி சான்றிதழில் எழுதினார். எழுதிக்கொண்டே, “இந்த ஊர்ல இவ்வளவு இரும்பு இருக்கற மைனர நான் பாத்ததில்ல” என்றார்.

அவள் தெருவுக்குள் திரும்பியபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது. கிளிஃபோர்டு வாசலில் டிரெயிலரோடு நின்றிருந்தான். கயிறுகளைச் சுருள் பிரித்துத் தயாராக வைத்திருந்தான். ஐவி தன் வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தெல்மா இறங்கிச் சான்றிதழை அவன் முன் நீட்டினாள். அவன் தேதியைப் படித்தான், கையெழுத்தைப் படித்தான், திருப்பிப் பார்த்தான்.

“இந்தக் கோலத்துலயா ஊருக்குள்ள ஓட்டப்போற? சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. பெயின்டாவது அடி. சங்கத்துல நம்ம பேரு என்ன ஆகும்?”

“ஒட்டுப் போட்டது எங்கன்னு எல்லாரும் பாக்கட்டும். உன் பேர நான் காந்தம் வச்சுப் பாத்துட்டேன், கிளிஃபோர்டு. நிக்கல.”

அவன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். தெல்மா தடுத்தாள்.

“சுருட்டாத, வேல இருக்கு. ஐவி, ஒரு கை பிடி.”

இருவரும் உள்ளே போய் ஓக் தலைப்பலகையைத் தூக்கி வந்தார்கள், பிறகு கால்பலகையை. இரண்டையும் டிரெயிலரில் கிடத்தினார்கள்.

“எங்கம்மா குடுத்த கட்டிலு” என்றான் கிளிஃபோர்டு. “இதுல இரும்பு ரெண்டையும் காணமே.”

“அது தேவப்பட்டுச்சு. வெட்டிட்டேன்.”

“அது இல்லாம இத நான் என்ன பண்றது?”

“சந்துல தாராளமா நுழையும்னு அளந்தியே, அத ஏத்திட்டுப் போ” என்றாள் ஐவி.

அவன் காருக்காகக் கொண்டுவந்த நான்கு கயிறுகளாலும் இரண்டு மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டிருக்க, தெல்மா எஞ்சினை முடுக்கினாள். ஐவி கையிலிருந்த தூசியைத் தட்டியபடி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“கடற்கரைக்குத் தானடி? சங்கத்துக்காரங்க எல்லாரும் இன்னைக்கு அங்கதான் வண்டிய நிறுத்தியிருப்பாங்க.”

“தெரியும். கதவச் சாத்து.”

ஐவி கதவை இழுத்தாள். ஒரே ஒலி, ஒரே முறை.