வுழு முறியாமல் ஜித்தா வரை

பக்கத்து இருக்கைப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நீட்டிக் காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். பெருவிரல் ஒரு வட்டம் போட்டது. வட்டத்தைச் சுற்றி ஓர் இதழ், பிறகு இன்னொன்று. ஹுஸ்னியா கண்ணெடுக்காமல் பார்த்தாள். கட்டுநாயக்காவில் விமானம் ஏறியதிலிருந்து இவள் சும்மா இருக்கவேயில்லை. தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள், எழுந்து பின்கோடி வரை நடந்துவிட்டு வருகிறாள், இப்போது இது.

"என்ன செய்றீங்க தங்கச்சி?"

"கோலம் போடுறன் ராத்தா. வெறுமனே ஆட்டினா அலுத்துப்போகும்."

பெயர் பூமணி, ஊர் திருக்கோவில். ஜித்தாவில் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாளாம். முதல் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையாமல் வெறுங்காலோடு போனதை அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஹுஸ்னியாவின் கால்களும் சொக்ஸுக்குள் கனத்துக்கொண்டுதான் இருந்தன. சாய்ந்தமருதில் முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்த கால்கள். இரண்டு வருடத்துக்கு முன் இடது காலில் இரத்தம் உறைந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகலாம் என்ற டொக்டர், பிளேனில் நிறையத் தண்ணீர் குடிக்கவும் மணிக்கொரு தரம் நடக்கவும் சொல்லியிருந்தார். சக்கர நாற்காலியில் இல்லாமல் தன் காலாலேயே கஃபாவைச் சுற்ற வேண்டும் என்பதுதான் அவள் அல்லாஹ்விடம் கேட்கும் துஆ.

அதோடு யாரிடமும் சொல்லாத இன்னோர் ஆசையும் இருந்தது. விமான நிலையத்தில் சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவிச் செய்த வுழுவை முறிக்காமல் கஃபா வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கழிவறைக்குப் போனால் வுழு போய்விடும். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டி வரும். ஆகவே வேனில் வரும்போது குடித்ததுதான் கடைசி. ஜன்னலோரம் தூங்கும் கணவர் முத்தலிபின் தோல் பட்டாலும் முறியும் என்பது அவள் ஓதிப் படித்த சட்டம். அடுப்பில் காய்ந்த சட்டிக்குப் பக்கத்தில் இருப்பவளைப் போல முழங்கையை ஒடுக்கிக்கொண்டு இருந்தாள்.

பூமணி நீட்டிய தண்ணீரை மறுத்து, தயங்கித் தயங்கிக் காரணத்தையும் சொன்னாள். பூமணி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

"சொக்ஸ் இறுக்கின இடத்தில குழி விழுந்திருக்கு ராத்தா. இந்தக் காலோடயா சுத்தப் போறீங்க?"

ஹுஸ்னியா அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள். வுழுவைக் காப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் காலும் அல்லாஹ் பார்த்துக்கொள்ளத் தந்த அமானிதம் அல்லவா? இரண்டில் எதைப் பற்றி முதலில் கேட்பான்? அவள் யோசித்துக்கொண்டிருக்கையில் விமானம் திடீரென்று பள்ளத்தில் இறங்கியதைப் போல ஆடியது. முத்தலிப் திடுக்கிட்டு விழித்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"யா அல்லாஹ்! விழுகுதா புள்ள?"

ஆட்டம் நின்றது. பிடி தளரவில்லை. இத்தனை நேரம் நாக்கு வறளக் காத்த வுழு இந்தக் கைக்குள் போய்விட்டது. அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது சிரிப்பு.

"ஒண்டுமில்ல, விடுங்க" என்றவள், அவர் கண்ணை இறுக மூடியிருப்பதைப் பார்த்தாள். "இல்ல, இன்னம் கொஞ்சம் புடிச்சுக்கங்க."

பிறகு இரண்டு கோப்பைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

கழிவறை வரை பூமணிதான் கைத்தாங்கலாக நடத்திப் போனாள். அந்தச் சின்னத் தொட்டியில் புது வுழுவுக்கு எப்படிக் கால் கழுவுவது என்று ஹுஸ்னியா திகைத்தபோது, வேலை செய்யும் வீட்டு மேடத்துக்கு இப்படிச் செய்து பழகியவள் காகிதக் கோப்பையோடு வாசலில் நின்றாள். மூடிய இருக்கையின் மேல் ஹுஸ்னியா இடது காலைத் தூக்கி வைக்க, பூமணியின் நெற்றிப் பொட்டு குனிந்தது. நூல் போன்ற தண்ணீர் விரலிடுக்குகளில் சிந்தாமல் இறங்கியது.

"இவ்வளவு தண்ணி காணுமா ராத்தா?"

"ஓம், காணும் மகள்."

இருக்கைக்கு வந்ததும் ஹுஸ்னியா முழங்கையை ஒடுக்கவில்லை. காலை நீட்டி, கோலம் போட முயன்றாள். விரலுக்குக் கோலம் தெரியவில்லை. சற்று நேரத்தில் குதிகாலும் முன்பாதமும் தாமாகவே தங்கள் பழைய தாளத்தைக் கண்டுகொண்டன. முத்தலிப் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள தைக்கிறாய்?"

அவள் பாதங்கள் ஏறி இறங்கின. ஜன்னலுக்குக் கீழே, இன்னும் வெட்டாத துணியைப் போல மணல் விரிந்து கிடந்தது.