சொல்லிவிட்டுப் போவது

அந்த நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தவழுகிற பிள்ளைகள் வரும் இடம். கீழ்த்தளத்தில் வக்கீல்கள் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், பெயர் கூப்பிடும் சத்தம் காதைத் துளைக்கும். மேலே மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வழக்குகள் மட்டும், அதுவும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். நீதிபதி அம்மாள் மேடையில் உட்காருவதில்லை. வட்ட மேஜையைச் சுற்றிக் கிடக்கும் நாற்காலிகளில் ஒன்று அவருக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு வாய்தா என்ற பேச்சே அங்கே கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் வந்தாக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது ஆயுளில் கால் பங்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வந்து உட்கார்ந்ததும் எல்லோரிடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி.

“போன ரெண்டு வாரத்துல உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?”

தன் பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்துகொண்டிருந்த அவள், ஏழு தடவையும் “ஒண்ணுமில்லீங்கம்மா” என்றுதான் சொல்லியிருந்தாள். கஷ்டம் என்று வாயைத் திறந்தால் பிள்ளையைத் தர மாட்டார்கள் என்று நினைத்தாள்.

பிள்ளையின் செல்லப் பெயர் மிளகு. பிறந்தபோது இரண்டு கிலோ கூட இல்லை, ஆனால் போட்ட கூச்சலில் நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள். “சின்னதுதான், காரத்தப் பாரு” என்று பிள்ளையின் அப்பா வைத்த பெயர். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது, தூங்குகிற பிள்ளையின் காலைத் தொடக் குனிந்தான். அவள்தான் தடுத்தாள். “தொடாதீங்க. முழிச்சா அழும். அப்புறம் நான்தான் மாரடிக்கணும்.” அவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போனான். மத்தியானம் போன் வந்தது. பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான், உயிர் இல்லை என்று மேஸ்திரி சொன்னார்.

பிள்ளை மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ‘பே’ காட்டுவது அவன் வழக்கம். அதனால் தினமும் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பின்னால் எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போகும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எத்தனை நாள் அப்படிக் கிடந்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒருநாள் மிளகு வெறும் சட்டையோடு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்தார். அப்போது அதற்கு ஒன்றே முக்கால் வயது. குழந்தைகள் நல ஆட்கள் வந்தார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தற்காலிகமாகப் பிள்ளையை வைத்திருந்தவள் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவள். குரல் இன்னும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. எல்லோருக்கும் அவள் கண்டக்டர் அக்கா. இவளுக்குப் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் மூன்று சாயங்காலம் அங்கே போக அனுமதி இருந்தது.

“வா, வா, உள்ள நகர்ந்து போ. படிக்கட்டுல நிக்காத” என்பாள் அக்கா வாசலிலேயே. பிள்ளையை இவள் மடியில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். “அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் எதுக்கு ஸ்டாண்டிங்ல?”

வழக்கில் இன்னொரு பெண்ணும் உண்டு. பிள்ளைகளின் மனசைப் பார்க்கிறவள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாட விடுவாள். அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: கிளம்பும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அழுதாலும் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தில்தான் மிளகின் அம்மா தப்பு செய்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, எதிர்முனையைப் பிடிப்பவள் ஒருநாள் சொன்னாள்:

“புள்ள அழுதுதுன்னு வை, அம்மாவுக்கும் அதுக்கும் ஒட்டல, அவளப் பாத்தாலே பயப்படுதுன்னு எழுதிடுவாங்க. எங்க சித்தி பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு. நீ அழாம பாத்துக்க.”

அதிலிருந்து அக்கா வீட்டில் மிளகு பாத்திரங்களை அடுக்குவதில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து, சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைத் தெருவில் வந்து மாட்டிக்கொண்டாள். அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் பிள்ளை சமர்த்தாக விளையாடிக்கொண்டிருக்கும். அக்காவிடம் ஒரு நோட்டு இருந்தது. சாப்பாடு, தூக்கம், சளி எல்லாம் அதில் எழுத வேண்டும், மேஜையில் அதைப் படிப்பார்கள். ‘அம்மா போனப்ப அழலை’ என்று நாலு மாதமாக அக்கா எழுதிக்கொண்டு வந்தாள்.

எட்டாவது செவ்வாய்க்கிழமை டீச்சர் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள். மிளகு ஜன்னல் ஓரத்தில் கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்போதுதான் இரண்டு முடிந்திருந்தது.

“அம்மா போறப்ப அழலை, சரி. ஆனா அதே நாள்ல, ‘அரை மணி கழிச்சு கதவுக்குப் பின்னாடி எல்லாம் தேடுது, என் முந்தானைய விடமாட்டேங்குது, தூங்க வைக்க முடியல’ன்னு எழுதியிருக்கீங்களே அக்கா. எதைத் தேடுது?”

“எலியா இருக்கும்னு பாத்தேன் டீச்சர். பொறிகூட வெச்சேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்து மாட்டி, அவங்க ரெண்டு நாளா என்கூடப் பேசல.”

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“ஏதோ பயம் இருக்கு. அம்மாகிட்ட நல்லா இருக்கு. அம்மா போனப்புறம்தான் இப்படி. அந்த வீட்டுல யாராவது வர்றாங்களா, போறாங்களா? சத்தம், சண்டை?”

“என் வீட்டுலயா டீச்சர்?” என்றாள் அக்கா. அந்தக் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அந்த இடம் பிள்ளைக்கு ஒத்துக்கலன்னா இன்னும் அங்க வெச்சிருக்கறதுல அர்த்தமில்ல. அம்மாவும் இப்ப வேலைக்குப் போறாங்க, ஒழுங்கா வர்றாங்க. இந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பலாமான்னு யோசிக்கிறேன்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. போன ரெண்டு வாரத்துல எது கஷ்டமா இருந்துச்சு?”

வெள்ளிக்கிழமை. மூன்று நாள். வீட்டில் பிள்ளையின் தலையணை அப்படியே இருந்தது. நாலு மாதமாக அதற்கு உறை மாற்றாமல் வைத்திருந்தாள். எண்ணெயும் பாலும் கலந்த வாசனை போய்விடும் என்று பயம். நூற்றுக்கணக்கில் உறை துவைக்கிறவள் அந்த ஒன்றைத் துவைக்கவில்லை. ‘ஒண்ணுமில்லீங்கம்மா’ என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் போதும்.

அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலி இல்லீங்கம்மா” என்றாள் அவள். “என்னத்தான் தேடுது.”

டீச்சர் நோட்டை மூடினாள்.

“நான் சொல்லிட்டுப் போறதில்ல. அக்கா வீட்டுல ஒரு நாள்கூட சொல்லல. அது வெளையாடறப்ப நைசா எழுந்து போயிடுவேன். அழுதா தரமாட்டீங்கன்னு... அவங்கப்பாவும் அப்படித்தான் போனாரு. நான்தான் அப்படிப் போகச் சொன்னேன். தொட்டுட்டுப் போறேன்னாரு, விடல.” அவள் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள். “அந்தத் தேடல் எனக்குத் தெரியும்மா. வீட்டுல எத்தன கதவு இருக்கோ அத்தனையும் பாக்கும். அக்கா வீட்டுல ஒண்ணும் நடக்கல. அவங்க பிள்ளைய நல்லாத்தான் பாத்துக்கறாங்க.”

நீதிபதி பேனாவை மூடி வைத்தார்.

“இதை நீங்க சொல்லலேன்னா வெள்ளிக்கிழமை உங்க பிள்ளை உங்க வீட்டுல. தெரியும்ல?”

“தெரியும்மா.”

“இப்ப என்னால அனுப்ப முடியாது. ஆறு வாரம். மூணு வாய்தா. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுக் கிளம்பணும். அழும். அழட்டும். உங்களுக்காக அழுதா அது குறை இல்லம்மா, அது உங்க பிள்ளைன்னு அர்த்தம். இதுவரைக்கும் எட்டு தடவை கேட்டிருக்கேன், இன்னிக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க.”

வெளியே வந்ததும் அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “அடிப்பாவி. நாலு மாசமா டிக்கெட் எடுக்காமலா இறங்கிப் போயிருக்க? என் பஸ்லயே?” சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். “அந்தப் பூனைக்கு யாருடி பதில் சொல்றது?”

முதல் தடவை சொன்ன நாளை அவள் மறக்க மாட்டாள். முழங்காலிட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராகப் பார்த்து, “மிளகு, அம்மா இப்ப போறேன். வியாழக்கிழமை வருவேன்” என்றாள். வியாழக்கிழமை என்பது பிள்ளைக்கு என்ன தெரியும்? ‘போறேன்’ மட்டும் தெரிந்தது. சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டது. அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தெருமுனை வரைக்கும் அந்த அழுகை கேட்டது. தெருமுனைக்கு அப்பாலும் கேட்டது. மறுநாள் சலவைக்கூடத்து இயந்திரங்களின் இரைச்சலிலும் கேட்டது. எதிர்முனைக்காரி, “ஏன்டி, மடிக்கிறியா, பிழியறியா?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால் மணி நேரம் கோபம். பிறகு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டது. கிளம்பும்போது மறுபடியும் அழுகை. அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும். ஒருநாள் வாந்தியே எடுத்தது. அன்றைக்கு அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று, இனிமேல் வரவே வேண்டாமோ, தான் வராமல் இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்குமோ என்று நினைத்தாள். ஆனாலும் சனிக்கிழமை போனாள். சொல்லியிருந்தாள், அதனால் போனாள்.

நாலாவது வாரம் நோட்டில் அக்கா எழுதியிருந்தாள்: ‘அழுதது, பத்து நிமிஷம். அப்புறம் சாப்பிட்டுது. கதவுப் பக்கம் போகலை.’ அடுத்த வாரம்: ‘அழுதது, ரெண்டு நிமிஷம். எட்டு மணிக்கே தூங்கிடுச்சு. நான்தான் தூங்கலை.’

பதினொன்றாவது செவ்வாய்க்கிழமை நீதிபதி உத்தரவை வாசித்தார். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை பிள்ளை தாய் வீட்டில். ஒரு மாதம் அப்படிப் போனால் அப்புறம் முழுவதுமாக அங்கேயே. டீச்சர் வாரா வாரம் வீட்டுக்கு வருவாள். கண்டக்டர் அக்கா விருப்பப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ‘விருப்பப்பட்டால்’ என்ற இடத்தில் அக்கா ஒரு மாதிரி கனைத்தாள்.

விளையாட்டு மூலையில் மிளகு கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள்.

“மிளகு, அம்மா வேலைக்குப் போறேன். வெள்ளிக்கிழமை வருவேன். வந்து நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்.”

பிள்ளை நிமிரவில்லை. ஆறாவது கட்டை ஆடிக்கொண்டிருந்தது. “ம்” என்றது. பிறகு, இன்னும் இவள் இங்கேயா இருக்கிறாள் என்பது போல, ஒரு கையை மட்டும் வீசி, “நீ போ” என்றது.

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தாள். கட்டைகள் சரிந்து விழும் சத்தம் வந்தது. டீச்சர், “அடடா” என்றாள். பிள்ளை சிரித்தது. மறுபடியும் அடுக்கும் சத்தம். அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். ஆறு வாரமாகக் கூடவே வந்த அழுகை இன்றைக்கு வரும் வழியாக இல்லை. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு இடம், பிள்ளை இறங்கிப் போன இடுப்பு மாதிரி, காலியாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். “என்னம்மா, வண்டி போய் எவ்வளவு நேரமாச்சு, இன்னும் ஸ்டாப்ல நிக்கிற?”

“அழலக்கா.”

“அதுக்குத்தானே இத்தன மாசமா ஆட்டம் போட்ட?”

“ஆமா.” அவள் கைப்பிடிச் சுவரைத் தடவினாள். “கொஞ்சமாவது அழுதிருக்கலாம்ல?”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. முந்தானையை இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை வா” என்றாள் துணிக்குள்ளிருந்து. “அழறதுக்கு நான் இருக்கேன்.”