இருபத்து மூன்று சென்டிமீட்டர் தார் ரோடு

எடெல்மீரா திபதூயிசாவின் சைக்கிளுக்குப் பின்னால் தார் ரோடு வந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தவர் பால் வண்டி ஓட்டும் டோன் இப்பொலித்தோ. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கீழே பெரிய சாலையின் தார் முடிகிற இடத்திலிருந்து அவள் சரளையில் ஏறி வந்துகொண்டிருந்தாள். பின்சக்கரம் தாண்டிய இடமெல்லாம் ஐந்து மீட்டர் அகலத்துக்குக் கறுப்பாக, வழவழவென்று, நடுவில் மஞ்சள் கோடு உட்பட ரோடு கிடந்தது. இப்பொலித்தோ வண்டியை ஓரங்கட்டி இறங்கி, குனிந்து தொட்டுப் பார்த்தார். சுட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே பாய, அவள் காலை ஊன்றினாள். நாலு கிலோமீட்டர் தாரும் கண்மூடித் திறப்பதற்குள் பழையபடி சரளையாகிவிட்டது. அவர் விரலில் ஒட்டிய தார் மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் போயிற்று.

எங்கள் ஊர் தொபசீயில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. தார் ரோடு வரும், வரும் என்று பதினொரு தேர்தல்களாகச் சொல்லிவந்தார்கள். யார் மூலமாக வரும் என்று யாரும் சொன்னதில்லை. பொயாக்கா மலைகளில் எங்கள் ஊருக்கு மேலே மேகம்தான் உண்டு. விளைவது உருளைக்கிழங்கு, கறப்பது பால், ஏறுவது சைக்கிள். பாதிரியார் உட்பட எல்லோரும் சைக்கிள்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் சரளையில் குலுங்கிக் குலுங்கிப் பால் கீழே போய்ச் சேரும்போது மேலே வெண்ணெய் திரண்டு நிற்கும். பால் நிலையத்தில் பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். முப்பது வருஷம் அதே குலுக்கலில் ஓட்டியதில் இப்பொலித்தோவின் சிறுநீரகங்கள் இடம் மாறிவிட்டன என்று டாக்டரே சொன்னார். இதுவும் எங்கள் ஊரில் வியப்புக்கு உரியது அல்ல.

விஷயத்தின் விதிகளை ஊர்க் கமிட்டித் தலைவர் டோன் அனனியாஸ் பிராகூன் ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார். பாலுக்கு உறை போல, தாரிலிருந்துதான் தார் வரும். ஆகவே பெரிய சாலையிலிருந்துதான் கிளம்ப வேண்டும், நடுவில் ஏறினால் ஒன்றும் வராது. மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளாக இருக்க வேண்டும். அகல டயர் போட்டுப் பார்த்தாள்: வழுக்கவில்லை, தாரும் வரவில்லை. மாதா கோவில் வாசல்வரை கால் தரையில் படக்கூடாது. பட்டால் அன்றைய தார் முழுதும் போச்சு. வாசல்வரை வந்துவிட்டால் ரோடு நிலைத்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். பாதியில் நின்றது எதுவும் நிலைக்கவில்லையே, முழுதாக முடிந்தால் நிலைக்காமல் எங்கே போகும் என்றார். பதில் சரியாகத்தான் பட்டது.

எடெல்மீராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ரோடு போடுவதற்காக அவள் சைக்கிள் ஏறவில்லை, பந்தயத்துக்காக ஏறினாள். சொகமோசோவிலிருந்து ஒரு பயிற்சியாளர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். கமிட்டி கூடிப் பேசியது. நாங்கள் நாயைக்கூட 'சுமெர்செ, கொஞ்சம் நகருங்க' என்று மரியாதையாக விரட்டுகிற ஊர். அவளிடமும் மரியாதையாகத்தான் கேட்டோம். சுமெர்செ, ரோட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், எத்தனை நாள் ஆகிவிடப் போகிறது என்றோம். ஊரே வாசலில் வந்து நின்றால் ஒரு பெண் என்ன சொல்வாள்? சரி என்றாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் ஓட்டும் நாட்களில் நாய்களைக் கட்டிப்போட்டோம், மாடுகளை அடைத்தோம், பெரிய கல்லையெல்லாம் பொறுக்கினோம். முதல் ஒன்பது கிலோமீட்டரை அவள் கண்ணை மூடிக்கொண்டே ஏறுவாள். கடைசி மூன்று கிலோமீட்டர்தான் வம்பு. லா மூலா என்று பெயர். கோவேறு கழுதைகூட நின்று யோசிக்கிற ஏற்றம். அங்கே உதிரிச் சரளையில் மெல்லிய டயர் சுற்றுமே தவிர நகராது. ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் ஆலங்கட்டி மழை, ஒரு நாள் தும்மல். ஒவ்வொரு தடவையும் கால் கீழே வரும், எங்கள் ரோடு பின்னாலிருந்து சுருண்டு மறையும். ஒருமுறை லா மூலா நடுவில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். அந்த ரோட்டின் மேல் அவளுக்கு வெறுப்பு வந்திருந்தது. எங்கள் மேலும் வந்திருக்கும், நியாயம்தான்.

அவளுக்கு இருபத்தோரு வயது முடிந்தபோது பயிற்சியாளர் மூன்றாவது முறை வந்தார், கடைசி முறை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆகஸ்டில் பல நாள் நடக்கும் மாநிலப் பந்தயம். அதில் மலை ஏறுகிற நாளில் முதலாவது வருகிறவளை ஐரோப்பாவில் ஒரு அணி எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் அவளுடைய வயதுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். டோன் அனனியாஸ் மூளைக்கு வேலை கொடுத்தார். தனியாக ஓட்டும்போதுதானே கால் ஊன்றுகிறாள், பந்தயத்தில் யாராவது ஊன்றுவார்களா? மனு மேல் மனு போட்டு, மலை நாளின் முடிவுக்கோட்டை எங்கள் கோவில் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று குதூகலமாக இருந்தார். பின்னால் வருகிறவர்களுக்கும் அந்தத் தார் கிடைக்கும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

பந்தய நாளில் வானம் தெளிவாக இருந்தது. தாரில் எழுபது கிலோமீட்டர் வந்த பிறகு, சரளை தொடங்கிய இடத்திலேயே எடெல்மீரா தனியாகப் பிரிந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்த பெண் பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: இரண்டு நிமிஷம் பத்து விநாடி. அவளுக்குப் பின்னால் கறுப்பு ரோடு விரிந்தது. துரத்தி வந்த பன்னிரண்டு பேரும் புதுத் தாரில், கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி சுகமாக ஏறினார்கள். அவளுக்கு முன்னால் சரளை, அவர்களுக்கு அடியில் அவள் போட்ட ரோடு. சிலேட்டில் ஒன்று ஐம்பது ஆனது, ஒன்று ஐந்து ஆனது, லா மூலாவின் அடியில் முப்பது விநாடி ஆனது. அன்றைக்கு என்னவோ லா மூலாவில் டயர் வழுக்கவே இல்லை. ஏறிக்கொண்டே இருந்தாள். மேலே கோவில் வாசலில் டோன் அனனியாஸ் ரோடு திறப்பதற்காக நாடாவைக் கட்டி, கத்தரிக்கோலோடு நின்றார். பக்கத்தில் பேண்டு வாத்தியம் நின்றது.

கோவிலுக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது சிலேட்டில் பன்னிரண்டு விநாடி. அந்த வளைவில்தான் இப்பொலித்தோ பால் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். ருவானாக் கம்பளிப் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளோடு கூடவே ஓடினார். ஊரே கேட்கும்படிச் சொன்னார்:

"சுமெர்செ, கால ஊனுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்க, "ரோடு போயிடுமே, டோன் இப்பொலித்தோ," என்றாள்.

"போவட்டும். ரோடு எங்க ஓடிடப் போவுது, இங்கயேதான் கிடக்கும். உங்க வயசுதான் நிக்காது. ஊனுங்க தாயி."

அவள் இடது காலை எடுத்து அழுத்தி ஊன்றினாள்.

கீழே பதினொன்றரை கிலோமீட்டர் தார் போய்விட்டது. துரத்தி வந்த பன்னிரண்டு பேரின் சக்கரமும் ஒரே நேரத்தில் உதிரிச் சரளையில் சிக்க, மூட்டை அவிழ்ந்த உருளைக்கிழங்கு மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை, வசவு மட்டும் நிறைய வந்தது. அந்த ஏற்றத்தில் நின்ற சைக்கிளைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா? தொட்டுத் தள்ளினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் இப்பொலித்தோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். இரண்டு தரம் டயர் சுற்றியது, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. ரோடு திறக்கக் கட்டிய நாடாவை எடெல்மீரா நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனாள். பேண்டுக்காரர்கள் எதற்கென்று கேட்காமல் வாசித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. பன்னிரண்டு கிலோமீட்டரைக் கொடுத்துவிட்டு ஒரு பூங்கொத்து வாங்கியிருக்கிறோம் என்றார் டோன் அனனியாஸ். நிறையப் பேர் தலையாட்டினோம். பொய் சொல்வானேன், எங்களுக்கும் வயிறு எரிந்தது. இப்பொலித்தோ எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ஆச இல்லன்னா நினைக்கிறீங்க? முப்பது வருசமா குலுங்குறவன் நான். நானே போவட்டும்னுட்டேன், எப்பவாவது கீழ போற உங்களுக்கு என்னய்யா?"



அவள் ஐரோப்பாவுக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. அங்கேயும் சரளையில் பந்தயம் உண்டாம்; ஆனால் பின்னால் தார் வருவதில்லை, அந்த நாட்டில் ரோடு போடுவது அரசாங்கத்தின் வேலையாம் என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு டிசம்பரும் வந்து ஒரு தடவை பெரிய சாலையிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள். லா மூலாவில் வழுக்குகிறது. நாங்கள் கைதட்டிவிட்டு, வெல்லத் தண்ணீர் கொடுத்து அழைத்துப் போகிறோம்.

வேறெங்கும் விழாத தடம், பந்தய நாளில் அந்தக் கடைசி வளைவில் மட்டும் விழுந்திருந்தது. அவள் காலை ஊன்றிய இடத்தில் ஒரு இடது பாதம் அளவுக்குத் தார் அப்படியே நிற்கிறது, சைக்கிள் ஷூவின் அடியிலுள்ள முக்கோணக் கட்டை பதிந்த அடையாளத்தோடு. மழைக்கும் கரையவில்லை, மாட்டுக்கும் பெயரவில்லை. சாலை அலுவலகத்திலிருந்து வந்தவர் நாடா பிடித்து அளந்து, தொபசீ, தார் போட்ட நீளம் இருபத்து மூன்று சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போனார். அதற்கு முந்தைய வருஷம்வரை பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் சைபர்தான் இருந்ததாம். தினமும் காலையில் இப்பொலித்தோ ஸ்டீரிங்கை லேசாக ஒடித்து, இடது முன்சக்கரத்தை அதன் மேல் ஏற்றித்தான் போகிறார். அந்த இடத்தில் வண்டி குலுங்குவதே இல்லை என்கிறார். நாங்களும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்தோம், உண்மைதான்.