சாக்பீஸ் கோடும் என் மச்சானும்

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. அதிலும் "நீங்க பாட்டுக்குத் தையுங்க ஐயா, நான் இருக்கிறதையே மறந்துடுங்க" என்கிறவர்களைச் சுத்தமாக நம்புவதில்லை.

பழைய நகராட்சிக் கட்டடத்தின் வராந்தாவில், கடைசித் தூணடியில் என் தையல் மெஷின். பக்கத்தில் என் மனைவியின் அண்ணன், பூட்டு ரிப்பேர் செய்கிறார். மற்றத் தூண்களடியிலும் எங்களைப் போலச் சிலர். கட்டடம் பாரம்பரியச் சின்னமாம். கட்டியபோது இருந்த மாதிரியே அதை ஆக்கப்போகிறார்களாம். கட்டியபோது நாங்கள் இல்லை, ஆகவே கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஒரு படம் காட்டி, கூட்டம் போட்டு, எங்கள் கருத்தையும் கேட்பார்களாம். எல்லாம் கண்துடைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை எடுக்க வந்த கேமராப் பெண் ஒருநாள் நாங்கள் உட்காரும் இடங்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். கேட்டால், "ஓவியம்தான் ஐயா" என்றாள். எவன் நம்புவான்? கோட்டுக்குள் இருப்பதைத்தான் நமக்கு ஒதுக்கப்போகிறார்கள் என்று நானும் மச்சானும் தனித்தனியே முடிவு கட்டினோம்.

கூட்டத்தன்று மாடி ஹாலில் படம் போட்டார்கள். முதலில் வந்தது மச்சான். அக்கம்பக்கம் பார்த்தார், என் பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்தார், ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போட்டார்.

"பாத்தீங்களா திருட்டு வேலையை!" என்று எழுந்து கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் திரையில் நான் வந்தேன். தையல்காரனிடம் சாக்பீஸுக்கா பஞ்சம்? இரண்டு சாண் தள்ளியிருந்தேன். ஹாலே உருண்டு சிரித்தது.

"உங்க ரெண்டு பேரையும் விட்டா ரோட்டையே வளைச்சுப் போட்டுடுவீங்க. உக்காருங்க" என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்து, ஒரு விடுமுறை நாள். வராந்தாவில் ஆள் இல்லை, கோடுகள் மட்டும். ஒரு நாய் வந்தது. என் இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் அந்தப் பெண் சொன்னாள்: "உங்க இடத்துக்காக நீங்க பேசக்கூடாது. பக்கத்துல இருக்கிறவங்களுக்காகப் பேசுங்க."

என் பிழைப்பு மச்சான் வாயிலா?

அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி. விடிஞ்சா போதும், உலகத்தையே திட்டுவாரு. ஆனா உள்ள வர்றவங்க, எந்த ரூமுக்குப் போகணும்னு இவர்கிட்டதான் கேக்கறாங்க. திட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போவாரு. வயசானவங்கன்னா கையப் பிடிச்சு மாடி ஏத்திவிடுவாரு. இவரைத் தூக்கிட்டு ஒரு போர்டு வெச்சா, அது கையப் பிடிக்குமா?"

இந்த மனிதர் இதையெல்லாம் கவனித்திருக்கிறாரே! என் முறை வந்தது. திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

"இவர் சுத்தியல் சத்தத்துல எனக்குக் காது பாதி போச்சு. ஆனா சாவியத் தொலைச்சுட்டு அழுதுகிட்டு வர்ற யாரையும் இவர் சிரிக்க வைக்காம அனுப்பினதில்ல. அழ வைக்கிறது என்னை மட்டும்தான்" என்றேன்.

எல்லோரும் பேசி முடித்தபின் மேடையில் இருந்த நகராட்சி அதிகாரி திட்டக் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "காலி வராந்தா நாய்க்கே பிடிக்கல, எங்களுக்கு எப்படிப் பிடிச்சுது? வராந்தாவைக் காலி பண்ற திட்டம் வேண்டாம். கட்டடத்தை மட்டும் பழுது பார்ப்போம்" என்றார்.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார். வாங்கி மனைவியிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அதிகாரி. "கடைசித் தூண்ல விரிசல் இருக்கு. அதைச் சரிபண்ற மூணு மாசமும் தையல்காரர் பூட்டுக்காரர் இடத்துல சேர்ந்து உக்காரட்டும்."

மச்சான் சட்டென்று கையைத் தூக்கினார். "சார், அந்தப் பழைய திட்டத்தைக் கிழிச்சுட்டீங்களா, இன்னும் இருக்கா?"