ஓர்பாவின் பங்கு

ஓர்பாவின் சவப்பெட்டி குப்பாங் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று மத்தியானமும், மலைமேல் எங்கள் ஊரான தூபுநாசியில் அவளுக்கு வைத்த தட்டு காலியாகத்தான் இருந்தது. கூழைக் குடித்திருந்தாள், காராமணியை வழக்கம்போல இடது ஓரத்தில் ஒதுக்கியிருந்தாள். அந்த வருடம் மழை தாமதம். பாக்கு விலை ஏறிக் கிடந்தது. பன்றிகளுக்கு ஏதோ காய்ச்சல் வந்து பாதி ஊரில் பட்டி வெறுமையாக இருந்தது. ஊர்த் தலைவர் கைபேசியைக் காதில் வைத்தபடியே மேட்டில் ஏறி வந்து, "யுப்லினாக்கா, மனச திடப்படுத்திக்கோ, ஓர்பா போயிட்டா" என்று சொன்னபோது, தாய்க்காரி தட்டைத் தூக்கிக் காட்டி, "எங்க போனா? இப்பதான சாப்பிட்டுட்டு வச்சா" என்றாள். தலைவர் கைபேசியைப் பையில் போட்டார். தட்டு காலியாவது அவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அது தொடங்கியது ஓர்பா ஊரைவிட்டுப் போன வருடமே. மலேசியாவில் வீட்டு வேலை என்று ஒரு தரகன் வந்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தலையாட்டாமல் எந்தப் பெண்ணும் கடல் தாண்ட முடியாது. ஓர்பாவின் அப்பன் தேனெடுக்க மரமேறி விழுந்து செத்தவன். ஆகவே எல்லாமே மாமன் நாகோர்தான். தரகன் நீட்டிய வெற்றிலையை வாங்கி மென்றுகொண்டே நாகோர் சொன்னான்: "ரெண்டு வருசம்தான தங்கச்சி, கண்ண மூடித் தொறந்தா வந்துரும். வந்ததும் கல்யாணத்துக்கு எருமை என் பொறுப்பு." யுப்லினா மகளின் துணிகளை மடித்து வைத்தாள். மகள் போன முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், கை பழக்கத்தில், அவளுக்கும் ஒரு தட்டில் சோளமும் காராமணியும் போட்டு அடுப்போரம் வைத்துவிட்டுப் பன்றியை விரட்டப் போனாள். திரும்பி வந்தால் சோளம் இல்லை. கோழி என்று நினைத்தாள், பிறகு நாய், பிறகு பக்கத்து வீட்டுத் தோர்காவின் பிள்ளைகள்.

தோர்காவின் வாய் ஊரறிந்தது. "எம் புள்ளைங்க உன் ஊசிப்போன சோளத்துக்குத் திருட வருதாக்கும்? நான் உக்காந்து பாக்கறேன் யார் திங்கறான்னு" என்று வந்து தட்டுக்கு எதிரே காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். உச்சி வெயிலில், வட்டக் கூரை வீட்டுக்குள் புகை நடுவே, அவள் கண்ணெதிரே சோளம் குறைந்தது. மணலில் ஊற்றிய தண்ணீர் இறங்குவது மாதிரி இறங்கியது. காராமணி மட்டும் ஒவ்வொன்றாக உருண்டு இடது ஓரத்துக்குப் போனது. தோர்கா தட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். பிறகு, "உம் மகதான். இந்தத் திமிரு வேற யாருக்கு இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரிந்தது. மறுவாரம் ஊருக்குப் பழகிவிட்டது. சோயே சந்தைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டாளா?" என்று கேட்பார்கள். "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்று யுப்லினா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகோர் வந்து ஒரு வெற்றிலையும் பாக்கும் தட்டோரம் வைப்பான். அவை அப்படியே இருக்கும். "மலேசியா போனதும் மாமன் வெத்தல கசக்குதோ அம்மணிக்கு" என்று சிரிப்பான்.

இரண்டு வருடம் முடிந்தது, அவள் வரவில்லை. போனும் வரவில்லை, தட்டு மட்டும்தான் செய்தி. சில நாள் மத்தியானத்தில் வைத்தது விளக்கேற்றும் வரைக்கும் தொடாமல் கிடந்து, ஆறிப்போன பிறகு ஒரே மூச்சில் மறையும். அன்றைக்கு அவளை வேலைக்கு நடுவில் சாப்பிட விடவில்லை என்று அர்த்தம். ஒரு கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க ஒரு பருக்கையும் குறையவில்லை. எட்டாம் நாள் வைத்த தட்டை, யுப்லினா கையை எடுப்பதற்கு முன்னாலேயே ஓர்பா காலியாக்கினாள். மூன்றாம் வருடத்தில், சோளம் கடிபட்டுக் கடிபட்டுத் தட்டிலேயே மீந்தது. ஒவ்வொரு மணியிலும் லேசான ஒரு தடம், அதற்கு மேல் இல்லை. தோர்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பல்லு" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுவே முதல் தடவை. மறுநாளிலிருந்து யுப்லினா சோளத்தை இரண்டு தடவை குத்தி, குழையக் குழைய வேக வைத்துக் கூழாக வைத்தாள். கூழ் காலியானது. நாகோர் ஞாயிற்றுக்கிழமை வருவதைக் குறைத்துக்கொண்டான்.

சவப்பெட்டி வந்தது. வெளியூரில் செத்தவர்களை வீட்டுக்குள் எடுத்துவருவதில்லை. முற்றத்தில் புளியமர நிழலில் இரண்டு கல்லின் மேல் வைத்தார்கள். பெட்டியின் மேல் ஓர்பாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாம் சரியாகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் மூடியில் ஆணி அடித்திருந்தார்கள். நாகோருக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் அடிச்சது இத? தாய்மாமன் நான் இங்க உசுரோட இருக்கேன், எவனோ ஒருத்தன் எம் மருமகளுக்கு ஆணி அடிச்சிருக்கான்!" கடைசி ஆணி தாய்மாமனுடையது. அதை அடிக்கும்போது அவன் செத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் பங்கை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன், நிம்மதியாகப் போ" என்பான். அதற்கப்புறம்தான் மண். அது நடக்காதவரை எந்தப் பிணத்தையும் நிலம் வாங்கிக்கொள்ளாது. குழியில் இறக்கினால் காலைக்குள் மேலே வந்து கிடக்கும். அது நடந்துவிட்டால் அந்தப் பெயருக்கு அந்த அடுப்பில் சோறு இல்லை, அந்தப் பெயரைச் சொல்லி உயிரோடு இருக்கும் யாரையும் கூப்பிட வாயும் வராது.

"அடிக்காத அண்ணே" என்றாள் யுப்லினா. "அவ உசுரோட இருக்கா. நீ அடிச்சின்னா பட்டினி கிடப்பா."

"செத்தவங்களும் திம்பாங்க தங்கச்சி. நம்ம பாட்டன் கல்லறைல நாம வைக்கலையா?"

"பாட்டனுக்கு வச்சத நாய் தின்னுச்சு, நானே பாத்தேன். இது எம் மக திங்கறா."

ஊர்த் தலைவர், "திறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்று ஆரம்பித்தார். நாகோர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெற்றிலைப் பையைத் தேடப் போய்விட்டார். ஆணிகளைப் பிடுங்குவதற்கு வெகு நேரம் ஆனது. உள்ளே இன்னொரு தகரப் பெட்டி. முகத்துக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடி. நாகோர் குனிந்தான். நிமிர்ந்தபோது அவனுக்கு வயது கூடியிருந்தது. முதல் சந்தோஷத்தை அடக்க முடியாமல், "நம்ம புள்ள இல்ல" என்றான். அதே மூச்சில், "ஐயோ, சின்னப் புள்ள தங்கச்சி" என்றான்.

யுப்லினாவும் போய்ப் பார்த்தாள். உருண்டை முகம், நெற்றியில் வரைந்தது போல நெருக்கமான புருவம். இருபது இருக்கலாம். எங்கள் மலைக்காரி இல்லை. எந்தத் தீவுக்காரி, யார் பெற்றது, ஒன்றும் தெரியவில்லை. "இவ மாமன் எங்க?" என்றுதான் யுப்லினா முதலில் கேட்டாள். யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பினால் ஏதோ ஒரு கிடங்கில் கிடப்பாள். இங்கேயே புதைக்கலாமென்றால் மாமன் ஆணி வேண்டும். நாகோரிடம் மருமகள் பெயர் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் இவளை நிலம் வாங்கிக்கொள்ளும். ஓர்பாவின் தட்டு அன்றோடு நிற்கும்.

பெட்டி முற்றத்திலேயே இருந்தது. தோர்கா மட்டும் தினம் வேலி தாண்டி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியோடு பேசிக்கொண்டிருப்பாள். "என்னடி, வெயில் சுடுதா? தள்ளி வைக்கச் சொல்லவா? உங்க ஊர்ல மழை பேஞ்சிருக்கும், இங்கதான் இந்தக் கூத்து." வாரம் ஒன்று போனது. நிழல் விலகும் நேரத்து வெயிலில் பலகை வெடிக்கத் தொடங்கியது. பெட்டிக்கு வெளியில், அது இருந்த இடத்தைச் சுற்றி, புல் காய்ந்து வட்டமாகக் கருகியது.

பிறகு ஒரு மத்தியானம் ஓர்பா தட்டில் பாதியை மீதம் வைத்தாள். பாதி என்றால் சரிபாதி; கையின் ஓரத்தால் கோடு இழுத்துப் பிரித்தது போல. யுப்லினா பயந்துபோனாள், "உடம்புக்கு என்னமோ" என்றாள். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும். தோர்கா தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இது வேண்டாம்னு வச்சது இல்லக்கா. வேண்டாம்னா கலைச்சுப் போட்ருவா அவ. இது பங்கு. யாரோடயோ தினம் பிரிச்சுத் தின்ன பழக்கம் இது." யுப்லினா மீந்த பாதியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் மேல் வைத்தாள். கையை எடுப்பதற்குள் அது மறைந்தது. காராமணி உட்பட.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தோர்காவிடம், "அண்ணனைக் கூப்பிடு" என்றாள். நாகோர் ஓடி வந்தான்.

"சுத்தியல எடுத்துட்டு வா அண்ணே."

"யோசிச்சுத்தான் சொல்றியா? அப்புறம் நம்ம புள்ள இல்லன்னு ஆயிரும் தங்கச்சி."

"உசுரோட இருக்கறவ யார் வீட்லயாவது கையேந்தியாவது திம்பா. இவ எங்க போவா? அவளே பிரிச்சுக் குடுத்துட்டா. நான் யாரு பிடிச்சு வைக்க?"

நாகோர் ஆணியை அடித்தான். "ஓர்பா" என்று கூப்பிட்டான். பங்கை எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். நிலம் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. அன்று சாயங்காலம் மழை வந்தது என்பார்கள் சிலர். வரவில்லை, அது பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் யுப்லினா தட்டு வைத்தாள். கூழ் ஆறி, ஆடை படர்ந்து, அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும். அவள் நிறுத்தவில்லை, ஊரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சந்தைக்குப் போகிறவர்கள் மேல் பாதை வழியாகப் போக ஆரம்பித்தார்கள், கேள்வி கேட்க வேண்டாமே என்று. அப்படி ஆறு வருடம். நாகோர் எருமையை விற்றுவிட்டான். யுப்லினாவின் தலை முழுக்க வெளுத்தது. தோர்காவின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஏழாம் வருடம், சோயேயிலிருந்து வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முன்பல் ஒன்றும் இல்லை. காது ஒன்று கேட்கவில்லை. தோர்காதான் முதலில் பார்த்தாள். வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. பெயர் மண்ணுக்குள் இருந்தது. எங்கள் யாருக்குமே வரவில்லை. தாய்க்காரி ஓடி வந்து கன்னத்தைப் பிடித்தாள், தலையைத் தடவினாள், வாயசைத்தாள், மூச்சு மட்டும்தான் வந்தது. வந்தவளும் அப்படித்தான். அம்மா என்று கூப்பிட ஓர்பாவுக்குத்தான் உரிமை, அந்தப் பெயர் இப்போது இவளுடையது இல்லை.

"பேப்பர்ல என் பேரு மெலானியா" என்றாள் கடைசியில். கப்பலில் தரகன் காகிதங்களைக் கலைத்துக் கொடுத்தான், இவளுக்கு மெலானியாவுடையது, மெலானியாவுக்கு இவளுடையது. "ரெண்டு பேரும் ஒரே தீவுப் பக்கம்தான, சமாளிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டார்கள். ஒரு ஆள் சோறுதான் போட்டார்கள். "நான் கொஞ்சம் பசி தாங்குவேன். எனக்கு எங்கிருந்தோ வயிறு நெறஞ்சிட்டே இருக்கும். அவளுக்கு அப்படி இல்ல" என்றாள். ஊர் பெயரைக் கேட்டால் அந்தப் பெண் அழுவாளாம், அதனால் கேட்டதில்லையாம்.

யுப்லினா சோளத்தைக் குழைய வேக வைத்து, வந்தவளை அடுப்போரம் உட்கார வைத்துப் பரிமாறினாள். அவள் சாப்பிட்டாள். எவ்வளவு சாப்பிட்டும் தட்டு குறையவில்லை. வாயில் போட்டாள், விழுங்கினாள், தட்டு நிறைந்தபடி இருந்தது, வயிறு ஒட்டியபடி இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலூன்றி வந்திருந்த நாகோரை அவள் பார்த்தாள். "ஆணியப் பிடுங்க முடியாதா?" என்று தோர்காதான் கேட்டாள், அவளுக்காக.

"பிடுங்கலாம். பிடுங்கினா அந்தப் புள்ள மறுபடி வெளிய நிக்கும்."

"வேண்டாம்" என்றாள் வந்தவள். "அவளுக்கு வெயில் ஆகாது."

தோர்கா எழுந்தாள். "என்ன இழவுடி இது, ஆளாளுக்கு மூஞ்சிய வச்சுக்கிட்டு. எங்க வீட்டு அடுப்பு என்ன செத்தா போச்சு? வாடி மெலானியா" என்று கையைப் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். அங்கே தட்டு காலியானது.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காலையில் யுப்லினா தன் சோளத்தை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போகிறாள். இரண்டு தடவை குத்துகிறாள், தோர்காவின் பானையில் போடுகிறாள், தோர்காவின் விறகை ஊதுகிறாள். அகப்பையை மட்டும் தொடுவதில்லை. அது வீட்டுக்காரியுடையது, விருந்தாளி தொடக் கூடாது. "அவளுக்கு இன்னும் கொஞ்சம் போடேன்" என்று சொல்வாள். "எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு" என்று தோர்கா அதட்டிக்கொண்டே போடுவாள். "போதும் அத்த" என்பாள் மகள், தோர்காவிடம் இல்லை, தன் தாயைப் பார்த்து.