இளையவளின் விரல்

"வெறும் வெளிச்சத்துல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிடுமாம். அப்ப இந்த ஊசித் துளை மட்டும் ஏன்டி எனக்குத் தெரிய மாட்டேங்குது?" என்றாள் மூத்தவள், நூல் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டே.

"கொடுங்கக்கா, நான் கோத்துத் தர்றேன்" என்று இளையவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். ஒரே வீட்டில் பதினாறு வருஷம். முன்னறையில் எதிரெதிராக இரண்டு மெஷின்கள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் வேலை. அண்ணன்காரன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை வருவான். தம்பிக்கு லாரி; மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். ஆக, வீடு இந்த இரண்டு பெண்களுடையது.

மூத்தவளுக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெஷினை மிதிக்கக் காலில் வலு இல்லை. பொத்தான் வைப்பாள், பிசிறு வெட்டுவாள். ரத்தத்தின் அளவு ஏழுக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றுவார்கள். இறங்கிவிட்டதா என்று பார்க்க வாரம் இரண்டு ஊசி. குத்திக் குத்தி இரண்டு கையும் சல்லடை. நரம்புகள் கடன்காரனைக் கண்டதுபோல உள்ளே ஒளிந்துகொண்டன.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சோதனைக்காக நாற்பது வீடுகளுக்கு ஒரு புது மெஷின் கொடுத்தார்கள். துணிக் கிளிப் மாதிரி ஒன்று, கூடவே ஒரு செல்போன். காலையில் கிளிப்புக்குள் விரலை வைத்தால் சிவப்பு வெளிச்சம் நகத்தை ஊடுருவிப் போகும். போனில் எண் வரும். அதே எண் அதே நொடியில் ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். குத்தல் இல்லை, ரத்தம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் வியாழக்கிழமை கரைக்கு வருகிறது என்று போன் வந்தது. அன்று காலை மூத்தவளின் எண் ஏழு புள்ளி இரண்டு.

"நாளைக்கு ஏழுக்குக் கீழ போயிடும்டி. கூப்பிட்டுப் படுக்க வெச்சிடுவாங்க."

"போய் ஏத்திக்கிட்டு வந்துடலாமேக்கா. ரெண்டு நாள்தானே."

"போன தடவையும் ரெண்டு நாள்னுதான் போனேன். இருபத்தாறு நாள் ஆச்சு. அந்த மனுஷன் லீவு பூரா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தே கழிச்சார். அதுக்கு முந்தின லீவும் அதே பெஞ்சு. இந்த ஒரு தடவை, அவர் வரும்போது நான் கதவைத் திறக்கணும்."

"அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"உன் விரலைக் கொடு."

"விளையாடறீங்களா? என் ரத்தம் வேற, உங்க ரத்தம் வேற."

"பதினாறு வருஷமா ஒரே பானைச் சோறு. ரத்தம் மட்டும் எப்படிடி வேறயாகும்?"

மறுநாள் காலை இளையவள் தன் விரலை வைத்தாள். ஒன்பது புள்ளி நாலு.

மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "அடிப்பாவி, உனக்கே பத்து தேறலையா! இந்த வீட்டுல சீக்காளி நான் ஒருத்திதான்னு இல்ல நெனச்சிருந்தேன்!"

நல்ல உடம்புக்கு உரிய பதின்மூன்றைக் காட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார்கள். ஒன்பது என்பதால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். "ரொம்ப சந்தோஷம். போன மாசம் கொடுத்த புது மாத்திரை வேலை செய்யுது. உங்களுக்குன்னு எடுத்து வெச்ச ரத்தத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடறோம். நீங்க அடுத்த மாசம் வந்தா போதும்."

இளையவள் ஸ்பீக்கரை அணைத்துப் போனை வைத்தாள். "அக்கா, எண்ணைச் சும்மா பார்த்துட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சோமே. அது உங்க ரத்தம்க்கா."

"வியாழக்கிழமை அவர் வந்ததும் என் விரலை வெச்சா, தானே மறுபடி எடுத்து வைக்கப்போறாங்க. ஒரு நாள்ல என்ன குடியா முழுகிடும்?"

வியாழக்கிழமை அவன் வரவில்லை. போன்தான் வந்தது. துறைமுகத்தில் இடமில்லை, கப்பலை வெளியிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள், கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்கத்தான் முடியவில்லை. சனிக்கிழமை என்றார்கள். பிறகு செவ்வாய் என்றார்கள். செவ்வாயும் போயிற்று.

"இன்னிக்கு உங்க விரல்தான்" என்று இளையவள் தினமும் கிளிப்பை நீட்டுவாள்.

"அவர் முகத்தைப் பார்த்துக்கிறேன். அப்புறம் எந்த விரலை வேணா வெட்டிக்கோ."

மூத்தவளின் உதடு வெளுத்துக் காகிதமாகிவிட்டது. கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லி அதிலேயே சாய்ந்து கிடந்தாள். நான்கு எட்டு நடந்து தாழ்ப்பாளை எடுக்க முடியாதாம். உட்கார்ந்தபடியே எட்டும் என்று ஒருமுறை கையை நீட்டிக் காட்டினாள்.

பதினோராம் நாள் காலை இளையவள் கூப்பிட்டதற்கு மூத்தவள் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை இளையவள் சம்மதம் கேட்கவில்லை; கையைப் பிடித்து விரலைக் கிளிப்புக்குள் திணித்தாள். 'விரலைச் சரியாக வைக்கவும்' என்றது போன். விரல் அவ்வளவு சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மறுபடி வைத்தாள்.

நாலு புள்ளி ஆறு.

அரை நிமிடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவள் வகை ரத்தம் வர மத்தியானம் ஆயிற்று. ஏற்றத் தொடங்கியபோது இதயம் களைத்துப்போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் மூத்தவள் போய்விட்டாள். கப்பலிலிருந்து அவன் இறங்கியது அதற்கடுத்த நாள். கதவை இளையவள்தான் திறந்தாள்.

ஒரு வாரம் கழித்து, அண்ணன்காரன் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, மெஷின் கொடுத்த நர்ஸ் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். மெஷின் தப்பாக் காட்டியிருக்கு. பத்து நாள் ஒன்பது ஒன்பதுன்னு காட்டிட்டுத் திடீர்னு நாலு. அப்படி இறங்கவே இறங்காது. நாப்பது வீட்டுலயும் திருப்பி வாங்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப அவங்கல்லாம்?" என்று கேட்டாள் இளையவள்.

"மறுபடி ஊசிதாம்மா. ஒரு அம்மாவுக்குக் கையில இடமே இல்ல, இனிமே கால்லதான் எடுக்கணும். அழறாங்க."

"அழட்டும்" என்றான் அவன். "உயிரோட இருந்துதானே அழறாங்க."

இளையவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"மெஷின் சரியாத்தான் காட்டுச்சு. அது என் விரல்."

நர்ஸ் இப்போது உட்கார்ந்தாள். "எத்தனை நாள்?"

"பத்து நாள். பதினொண்ணாவது நாள்தான் அவங்க விரல்."

"ஏன்மா இப்படி?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. அவர் வரும்போது கதவைத் திறக்கணும்னாங்க. இளையவள் அவனைப் பார்த்தாள். கப்பல் எண்ணெய்க் கறை போகாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொன்னால் கப்பலின் அந்த ஒன்பது நாள் தாமதத்தை அந்த மனுஷன் சாகும்வரை சுமப்பான்.

"எனக்கு முடியல" என்றாள். "தைக்கிற துணி அத்தனையும் கெடு வெச்ச துணி. அவங்களைச் சேர்த்தா நான்தானே கூட இருக்கணும்."

"அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"நான்தான் பேசிப் பேசி ஒத்துக்க வெச்சேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். இளையவள் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் வாசலுக்குப் போய் போனில், "எந்த வீட்டுலயும் திருப்பி வாங்க வேணாம்னு சொல்லுங்க, மெஷின்ல கோளாறு இல்ல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவது கேட்டது.

அவன் எழுந்து வாசலோர நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திவைத்தான். பிறகு, "கூடப்பொறந்தவளா இருந்தாக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்னு ஒவ்வொரு போன்லயும் உன்னைச் சொல்லுவாம்மா" என்றான். "தம்பி வந்ததும் வேற வீடு பாத்துக்கச் சொல்லு."

"சரிங்கத்தான்."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா... என்னைக் கேட்டாளா?"

பதினோரு நாளும் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

"இல்லத்தான்" என்றாள் இளையவள். "தூங்கிட்டேதான் இருந்தாங்க."

அவன் தலையை ஆட்டினான். "அதுவரைக்கும் நல்லது" என்றான்.